மருத்துவ மேற்படிப்பின் தகுதிக்கோடு: பாக்தாத் முதல் சேர்வராயன் மலை வரை



2026 ஜனவரி மாத இறுதியில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின், ஏற்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு எம்மைக் காண வந்தார். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது எம் மக்தபில் குர்ஆன் ஓதியவர். பின்னர் அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்புக்கான நீட் தேர்வையும் எழுதியிருந்தார். தகுதி மதிப்பெண் எட்டவில்லை என்று வீட்டில் அனைவரும் ஓய்ந்திருந்த வேளையில், தகுதிக்கோடு திடீரெனத் தாழ்த்தப்பட்டது. மறுவாரமே வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றின் சார்பில் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. இடம் இருக்கிறது, பணம் மட்டும் ஆயத்தம் செய்யுங்கள் என்றார்களாம்.

தந்தையின் கேள்வி நாம் எதிர்பார்த்ததே. "ஹஜ்ரத், இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கிக் கடன்தான் வழி. வட்டி வருமே, நிர்ப்பந்தம் என்று இதைக் கொள்ளலாமா?" என்று கேட்டார். மகள் கேட்டது வேறு. "இந்த மதிப்பெண்ணோடு அந்த இடத்தில் அமர்ந்து, நாளை ஒரு நோயாளியைத் தொட்டால் அது அமானித மோசடி ஆகாதா, ஹஜ்ரத்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னோம். இரண்டாவதற்கு ஒரு வாரத் தவணை கேட்டோம். அந்த வாரத்தில் நூல்களிலும் செய்திகளிலும் தேடிக் கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில், நிகழ்ந்தது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேற்படிப்பு நீட் தேர்வுக்கு மொத்தம் 800 மதிப்பெண்கள். 200 வினாக்கள்; சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைவு. பொதுப்பிரிவினர் 50ஆம் பர்சன்டைலும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் 40ஆம் பர்சன்டைலும் பெறவேண்டும் என்பது விதி. பர்சன்டைல் என்பதை நம்மில் பலர் விழுக்காடு என்று எண்ணிவிடுகிறார்கள். அது மதிப்பெண்ணின் அளவு அன்று. வரிசையில் நிற்கும் இடத்தின் அளவு. 50ஆம் பர்சன்டைல் என்றால் எழுதியோரில் கீழ்ப்பாதியை விலக்குவது. பூஜ்ய பர்சன்டைல் என்றால், தேர்வு மண்டபத்தில் அமர்ந்த எவரையும் விலக்காதது.

2023 செப்டம்பர் 20 அன்று எல்லாப் பிரிவினருக்கும் கோடு பூஜ்யம் ஆக்கப்பட்டது. அதற்கு முன் பொதுப்பிரிவுக்கு 291 மதிப்பெண் தேவைப்பட்டது. அதன்பின் 40 மதிப்பெண் கழிவில் நின்றவரும் தகுதி பெற்றார். நீட்டில் தகுதி என்பது பொருளற்றது என ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்று தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் அப்போது கூறியது நினைவிருக்கும். 2026 ஜனவரியில் பொதுப்பிரிவுக்கு 276 என்றிருந்தது 103 ஆயிற்று. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 235 என்றிருந்தது மீண்டும் கழிவு 40 ஆயிற்று. இருமுறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: கல்லூரிகளில் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாக இருக்கின்றன, அவை வீணாகக் கூடாது.

எம்மிடம் வந்த பெண்ணை வருத்தியது அந்தக் கழிவு 40தான். அவருடைய மதிப்பெண் அதற்கு எவ்வளவோ மேலே. ஆனாலும் "உங்களுக்கெல்லாம் மைனஸ் வாங்கினாலும் டாக்டர்" என்று உடன் படித்தோரே வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்களாம்.

மருத்துவரின் தகுதியை யார் அளப்பது, எங்கே அளப்பது என்னும் கேள்வி நம் உம்மத்துக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. இனித் தேர்வு பெறாத எவரும் வைத்தியம் செய்யலாகாது என்று அவர் முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். முஹ்தஸிப் என்பவர் அங்காடியின் எடைக்கற்கள் முதல் தொழிலாளரின் நேர்மை வரை கண்காணித்த அதிகாரி. தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன் அவர். அந்நாளில் அவர் முஸ்லிம்கூட அல்லர். ஸாபியீன் சமயத்தவர், பிற்பாடே இஸ்லாத்தைத் தழுவினார். கலீஃபாவின் தலைநகரில் எவர் மருத்துவர் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது என்பதை நாம் சற்று நின்று எண்ணவேண்டும். நகரின் இரு கரைகளிலும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு உட்பட்டார்கள். முன்னரே புகழ்பெற்றிருந்தவர்களும் அரசப் பணியில் இருந்தவர்களும் மட்டும் விலக்குப் பெற்றார்கள்.

அந்தத் தேர்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி பதிவு செய்திருக்கிறார். நல்லுடை அணிந்த, கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரைப் பெரிய அறிஞர் என்று எண்ணி மரியாதையோடு அமரவைத்தார். மற்றவர்களை அனுப்பிவிட்டு, நாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி தங்களிடமிருந்து ஏதேனும் கேட்க விரும்புகிறேன், தங்கள் ஆசிரியர் யார் என்றார். முதியவர் தீனார்கள் பொதிந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். தமக்குச் சரியாக எழுதவோ படிக்கவோ தெரியாது, எந்த நூலையும் ஓதியதில்லை, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்று சொன்னார். ஸினான் சிரித்துவிட்டார். ஆனால் விரட்டவில்லை. தமக்குத் தெரியாத நோயில் கைவைக்கக் கூடாது, எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுக்கவோ கடும் பேதிமருந்து கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை விதித்தார். வாழ்நாள் முழுதும் தம் வழி அதுவே, புளிக்காடிப் பாகையும் பன்னீர்ப் பாகையும் தாண்டி எதுவும் கொடுத்ததில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தாய் என்றதற்குத் தந்தையிடம் என்றார். தந்தை யார் என்றால், நேற்று வந்த அதே முதியவர். அவர் வழியில்தான் நீயும் செல்கிறாயா என்று கேட்டு, ஆம் என்றதும், அதைத் தாண்டாதே என்று சொல்லி அனுப்பினார் ஸினான்.

நகைச்சுவைக்காகச் சொல்லப்படும் கதை இது. நாமும் மாணவர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்தோம். இம்முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஸினான் நடத்தியது நுழைவுத் தேர்வு அன்று. தொழில் செய்யும் உரிமைக்கான தேர்வு. தகுதி குறைந்தவருக்கும் அவர் இடம் கொடுத்தார். ஆனால் அந்த இடத்துக்கு வேலி கட்டினார். பணப் பொட்டலத்தால் அந்த வேலி நகரவில்லை.

பிற்கால ஹிஸ்பா நூல்களும் இதே வழியில் செல்கின்றன. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய நூல், கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் பற்றிய பத்துக் கட்டுரைகளைக் கொண்டு சோதிக்கவேண்டும் என்கிறது. எலும்பு கட்டுபவர் எலும்புகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் வடிவையும் அறிந்திருக்கவேண்டும் என்கிறது. எண்ணிக்கை 248 என்று அந்நூல் சொல்கிறது. இன்றைய மாணவர்கள் 206 என்பார்கள், அது இருக்கட்டும். எவர் எதைச் செய்யப்போகிறாரோ அதில் சோதி என்பதே அங்கு விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உண்டு. இதை அடிப்படையாகக் கொண்டு இப்னுல் கய்யிம் (ரஹ்) மருத்துவர்களை வகைப்படுத்தி, யார் மீது இழப்பீடு வரும், யார் மீது வராது என்று விரித்து எழுதினார்.

இதே கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. 1990களில் உத்தரப் பிரதேசத்தில் மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடு மதிப்பெண்ணும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 விழுக்காடும் போதும் என்றிருந்தது. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினருக்கு 15. அரசுகளின் தரப்பு வாதம் ஏறக்குறைய ஸினானின் வாதமே: எப்படி நுழைந்தாலும் வெளியேறும்போது எல்லாரும் ஒரே இறுதித் தேர்வைத்தான் எழுதுகிறார்கள், ஆகவே தரம் குன்றாது. 1994இல் பீகார் வழக்கு ஒன்றில் நீதிமன்றம் இக்கருத்துக்கு இசைவாகவே சென்றது. ஆனால் 1999 ஆகஸ்ட் 10 அன்று பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் ஐவர் அமர்வு அதை ஏற்க மறுத்தது. மேற்படிப்பில் ஒரு வகுப்பில் அமரும் மாணவர்களிடையே இடைவெளி மிகப் பெரிதானால் பயிற்சியின் தரமே தாழும், 45க்கும் 20க்கும் உள்ள இடைவெளி ஏற்கத்தக்கதன்று என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நீதிபதி மஜ்முதார் மட்டும் ஒரு பகுதியில் வேறுபட்டார்.

அத்தீர்ப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பயிற்சி என்பது ஆசிரியரின் கையில் மட்டும் இல்லை. உடன் இருப்போரின் அளவும் அதில் உண்டு. ஹிஃப்ளு வகுப்பு நடத்தும் எவருக்கும் இது தெரியும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏழைப் பிரிவுக்கு 20 விழுக்காடு என்றிருந்தபோது, நாட்டின் மருத்துவத் தரமே குலையும் என்று அஞ்சப்பட்டது. 2023இல் எல்லாருக்கும் கழிவு மதிப்பெண் என்றபோது, இடம் வீணாகக் கூடாது என்ற ஒரு வரியில் காரியம் முடிந்தது. தீர்ப்பளித்தது நீதிமன்றம், கோட்டைத் தாழ்த்தியது அரசு, இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

காலியாகக் கிடந்த இடங்கள் எவை? ஒரு பகுதி உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற, நோயாளியைத் தொடாத துறைகள். அவற்றில் சேர ஆளில்லை. மற்றொரு பகுதி ஆண்டுக்குப் பல இலட்சங்கள் கேட்கும் தனியார் இடங்கள். நல்ல மதிப்பெண் எடுத்தவரால் அந்தப் பணத்தைக் கட்ட இயலவில்லை. அதனால் இடம் காலி. கட்டணத்தைத் தாழ்த்தினால் இடம் நிரம்பியிருக்கும். தாழ்த்தப்பட்டது மதிப்பெண். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடே கிடையாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆகவே அங்கே கழிவு 40இல் ஒருவர் நுழைந்தால், நுழைவித்தது ஒதுக்கீடு அன்று, அவருடைய பணப்பை. பழி மட்டும் ஒதுக்கீட்டின் மீது விழுகிறது.

இப்பழி நம் சமுதாயத்துக்குப் பழையது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14இல் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, பிற்பட்ட இந்துக்களுக்கும் பிராமணருக்கும் அரிசனருக்கும் இரண்டிரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் குறித்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதன் எதிரொலியாகவே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு இருக்கும் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2007இல் கிடைத்தது. எம் முன் அமர்ந்திருந்த பெண் எம்.பி.பி.எஸ். படித்ததும் அந்த வாசல் வழியேதான்.

வாசலை உயர்த்துவது எப்போதும் நன்மையே என்று எண்ணுவோர்க்கு இன்னொரு பழைய செய்தி. ஆங்கிலேயர் காலத்தில் எம்.பி.பி.எஸ். கல்லூரிகளோடு, குறைந்த கல்வித் தகுதியும் குறுகிய பயிற்சியும் கொண்ட எல்.எம்.பி. மருத்துவர்களை உருவாக்கும் பள்ளிகளும் இருந்தன. இராயபுரத்து மருத்துவப் பள்ளி அத்தகையது. அதுவே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. யூனானி, ஆயுர்வேத, சித்த வைத்தியர்களுக்கு முறையான பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்பதற்கு வழிசெய்த 1921ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைவர் நம்மவரான முஹம்மது உஸ்மான். அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி ஏற்பட்டு, எல்.ஐ.எம். பட்டம் பெற்றோர் பலர் உருவானார்கள். 1946இல் போர் குழு, நாடு முழுவதும் ஒரே தரமுள்ள ஒரே வகை மருத்துவர் போதும், எல்.எம்.பி. வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதே குழுவின் உறுப்பினர் சிலர், மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த நாட்டில் இது கிராமத்தைக் கைவிடுவதாகும் என்று மாறுபட்டார்கள். அவர்கள் அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதற்கு மலைவாழ் மக்களே சாட்சி.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே 1986 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேற்படிப்புத் துறைகளும் அங்கே உண்டு. ஆனால் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண், தன் குக்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, பின் அத்தனை வளைவுகளையும் கடந்துதான் ஒரு மகப்பேறு நிபுணரைக் காண இயலும். அவளுக்கு வேண்டிய நிபுணர் 291 வாங்கினாரா 103 வாங்கினாரா என்பது அடுத்த கேள்வி. மலையேறி வருவாரா என்பது முதல் கேள்வி. பாக்தாதின் ஸினான் இதையும் எண்ணியவர். வஸீர் அலி இப்னு ஈஸாவின் விருப்பப்படி, மருத்துவரே இல்லாத ஸவாது நாட்டுக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டிகளோடு நடமாடும் மருத்துவர் குழுவை அனுப்பியவரும் அவரே. சிறைகளுக்கு நாள்தோறும் மருத்துவரை அனுப்பியவரும் அவரே.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி நெடுநாளாக இருந்தது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதி ஒதுக்கப்பட்டது. மலையிலும் சிற்றூரிலும் பணியாற்றியவர் நிபுணராகி மீண்டும் அரசு மருத்துவமனைக்கே வருவார். இந்திய மருத்துவக் கழக விதிகள் இதற்குத் தடையானபோது, கடினப் பகுதியில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 விழுக்காடு, உச்சமாக 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் என்பது மட்டும் எஞ்சியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், அத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. மதிப்பெண்ணில் விட்டுக்கொடுப்பதாயின் இதற்காக விட்டுக்கொடுப்பதில் நமக்கு மனத்தடை இல்லை. அங்கே விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக மக்களுக்கு ஒன்று கிடைக்கிறது. பூஜ்யக் கோட்டில் கிடைப்பது கல்லூரிக்கு.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுவோம். மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா, ஊரில் எவருமே கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதினார்கள். முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்களில் எல்லாரும் ஃபிக்ஹு விவாதத்தில் முண்டியடிப்பதேன், அதில் பதவியும் வக்ஃபுச் சொத்தின் நிர்வாகமும் கிடைக்கும் என்பதாலன்றோ என்று எம்போன்றோரையே சாடினார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நம் ஜமாஅத்துகள் மண்டபம் கட்டத் திரட்டும் தொகையில், வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு என்று ஒதுக்குவது எவ்வளவு? அந்தத் தந்தைக்கு வட்டி கூடாது என்று சொல்ல எமக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. வேறு வழி காட்ட எம் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த வெள்ளியன்று இருவரும் வந்தார்கள். மகளிடம் இவ்வாறு சொன்னோம். நீங்கள் ஏற்கெனவே பதிவு பெற்ற மருத்துவர். நோயாளியைத் தொடும் உரிமை எம்.பி.பி.எஸ். பட்டத்தால் வந்துவிட்டது, நீட் அதைத் தரவும் இல்லை, பறிக்கவும் இல்லை. விதி அனுமதித்த இடத்தில் சேர்வது மோசடி ஆகாது. மோசடி தொடங்குவது, கற்காததைக் கற்றதாகக் காட்டிக் கத்தியை எடுக்கும்போது. நம் மதரஸாவில் அலிஃப் ஓதத் தெரியாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் முழுக் குர்ஆனையும் பார்க்காமல் ஓதிக் காட்டாத எவருக்கும் ஹாஃபிழ் சனது கொடுப்பதில்லை. தந்தை எவ்வளவு சந்தா தந்தாலும் சரியே. உங்களை அழைக்கும் அந்தக் கல்லூரி வெளியேறும் வாசலில் அவ்வளவு கண்டிப்பாக இருக்குமா என்பதை விசாரியுங்கள். போதிய நோயாளிகள் அங்கே வருகிறார்களா, கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, பணம் கட்டியவரை அங்கே தோல்வியுறச் செய்வார்களா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் 700 மதிப்பெண் எடுத்தவரும் அங்கே போகலாகாது.

அவர் முன்னமே விசாரித்திருந்தார். அந்தத் துறையில் உள்நோயாளிகளே மிகக் குறைவு என்று அங்கே படித்த ஒருவர் சொன்னாராம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதப்போவதாகவும், மலையிலேயே இடம் கேட்கப்போவதாகவும் சொன்னார். தந்தையின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்தே தெரிந்தன.

பிறகு ஸினானின் கதையைக் கேட்டார். சொன்னோம். மறுநாள் வந்த இளைஞரின் இடத்தில் சிரிப்பார் என்று பார்த்தோம்; சிரிக்கவில்லை.

"அவர் அப்புறம் முறையாகப் படித்தாரா, ஹஜ்ரத்?"

வரலாற்றாசிரியர் அதோடு நிறுத்திவிடுகிறார் என்றோம். அஸர் தொழுகைக்கு பாங்கு ஒலித்தது.